சீன எழுத்தைக் கோட்டு வரிசை தவறாமல் எழுதப் பழகுவது எப்படி?

பக்கத்தில் ஒரு பென்சிலும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வடிவங்களை நான் சொல்லிக்கொண்டே போகிறேன், நீங்கள் வரைந்துகொண்டே வாருங்கள். நோட்டில் நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கூட்டல் குறிபோல ஒரு குறுக்கும் ஒரு நெடுக்கும் கிடைக்கும். சீனாவில் பிள்ளைகள் எழுதிப் பழகும் நோட்டும் இப்படித்தான் இருக்கும். மூலைவிட்டங்களும் சேர்த்து எட்டாகப் பிரித்த நோட்டும் உண்டு. சின்ன எழுத்தோ பெரிய எழுத்தோ, எதுவானாலும் ஒரு கட்டத்துக்கு ஒன்று.

சீன எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடுகள் சேர்ந்து உருவாவது. எந்தக் கோடு முதலில், எது அடுத்தது, எதை எந்தத் திசையில் இழுப்பது என்பதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. அதை அங்கே பீஷுன் என்பார்கள். எப்படி எழுதினாலும் கடைசியில் அதே உருவம்தானே வருகிறது, வரிசை எதற்கு என்ற கேள்வி எல்லாருக்கும் எழும். நூறு எழுத்து வரை கண்ணால் பார்த்து நினைவு வைத்துச் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் கண் ஏமாற்றும், கைதான் காப்பாற்றும். ஒரே வரிசையில் பழகிய கை, முதல் இரண்டு கோட்டைப் போட்டதும் மூன்றாவதைத் தானாகவே போடும். இன்றைக்கு ஒரு வரிசை, நாளைக்கு வேறொன்று என்று எழுதினால் கையில் எதுவும் பதியாது. வரிசையைக் கட்டுப்பாடாக நினைக்காமல், நினைவுக்குக் கிடைத்த துணையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வேன்.

ஆயிரக்கணக்கில் எழுதிப் பழக வேண்டுமே என்று மலைக்கவும் வேண்டாம். வெளிநாட்டவர்க்கான சீன மொழித்திறன் தரநிலையைச் சீன அரசு 2021இல் புதிதாக வகுத்தபோது, படித்து அறிய வேண்டிய எழுத்துகளை 3,000 என்றும், கையால் எழுதத் தெரிய வேண்டியவற்றை 1,200 என்றும் பிரித்து வைத்தது. அதில் தொடக்க நிலைக்கு 300தான்.

முதலில் கோடுகள்

கிடைக்கோடு, சீனத்தில் ஹெங். எப்போதும் இடமிருந்து வலம். மட்டப்பலகை வைத்ததுபோல் நேராக இருக்கத் தேவையில்லை. வலப்பக்கம் போகப் போகச் சற்றே மேலேறினால்தான் அழகு.

நெட்டுக்கோடு, ஷூ. மேலிருந்து கீழ். இது மட்டும் சாயக் கூடாது.

இடச்சரிவு, பியே. மேலே வலப்பக்கம் தொடங்கி, கீழே இடப்பக்கம் சரிந்து இறங்கும். தொடக்கத்தில் அழுத்தி, முடிவில் பென்சிலைத் தூக்கிக்கொண்டே இழுக்க வேண்டும்.

வலச்சரிவு, நா. இடமிருந்து வலப்பக்கம் கீழே இறங்கும். இது இடச்சரிவுக்கு நேர்மாறு. மெல்லத் தொடங்கி, போகப் போக அழுத்தம் கூடி, அடியில் ஒரு கணம் நின்று, வலப்பக்கமாக வெளியேறும்.

இவற்றோடு புள்ளி, கீழிருந்து வலப்பக்கம் மேலேறும் ஏறுகோடு, மடிப்பு, கொக்கி ஆகிய நான்கும் சேர்த்து அடிப்படை எட்டு. ‘என்றென்றும்’ எனப் பொருள்படும் யோங் என்ற எழுத்தில் இந்த எட்டு அசைவும் வந்துவிடும். அதனால்தான் தூரிகை எழுத்து சொல்லித்தருகிற ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக அதை வைத்தே கையைப் பழக்குகிறார்கள். புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணிக்கையில் ஐந்து கோடுதான், ஆனால் அந்த ஐந்தும் கடினமானவை.

மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாம் தமிழ் எழுதும்போது பேனாவைத் தூக்காமல் வளைத்து வளைத்துப் போவோம். அந்தக் கை ஒரு சதுரத்தைப் பார்த்தால் ஒரே இழுப்பில் சுற்றிவரத்தான் பார்க்கும். சீனத்தில் அது ஆகாது. ‘வாய்’ என்ற எழுத்து (கோவ்) ஒரு சதுரம். அதற்கு ஒன்றும் இல்லை, நான்கும் இல்லை, மூன்று கோடுகள். முதலில் இடப்பக்க நெட்டுக்கோடு. பென்சிலைத் தூக்குங்கள். திரும்ப அதன் தலையில் வைத்து வலப்பக்கம் இழுத்து, மூலையில் தூக்காமல் திரும்பிக் கீழே இறங்குங்கள். எண் 7 போல வரும் இது ஒரே கோடு. மறுபடி தூக்குங்கள். கடைசியாக அடியில் ஒரு கிடைக்கோடு போட்டு மூடுங்கள். இதைப் பத்து முறை எழுதிப் பாருங்கள். ஏராளமான சீன எழுத்துகளில் இந்தச் சதுரம் ஏதோ ஒரு அளவில் வந்து உட்கார்ந்திருக்கும். இதில் கை சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

இன்னொரு மடிப்பு நமக்கு ஏற்கெனவே தெரியும். தமிழ் ‘ட’ எழுதுவதுபோலக் கீழே இறங்கி அப்படியே வலப்பக்கம் திரும்புவது. ‘மலை’ (ஷான்) என்ற எழுத்தில் நடுவில் உயரமான நெட்டுக்கோடு முதலில், அப்புறம் இடப்பக்கத்தில் இந்த ‘ட’, கடைசியாக வலப்பக்கத்தில் குட்டி நெட்டுக்கோடு. மூன்றே கோட்டில் ஒரு மலை.

வரிசையின் விதிகள்

மேலே இருப்பது முன்னே, கீழே இருப்பது பின்னே. ‘மூன்று’ என்பது மூன்று கிடைக்கோடுகள்: மேலது நடுத்தரம், நடுவில் இருப்பது குட்டை, அடியில் இருப்பது நீளம். மேலிருந்து எழுதிக்கொண்டே வாருங்கள். இடப்பக்கம் முன்னே, வலப்பக்கம் பின்னே. இது கோடுகளுக்கு மட்டுமல்ல, பாகங்களுக்கும்தான். ‘நல்லது’ எனப் பொருள்படும் ஹாவ், பெண் இடப்பக்கமும் பிள்ளை வலப்பக்கமும் நிற்கும் எழுத்து. பெண்ணை முழுக்க எழுதி முடித்த பிறகுதான் பிள்ளைக்குப் போக வேண்டும்.

குறுக்கிடும் இடத்தில் கிடைக்கோடு முதலில், நெட்டுக்கோடு பிறகு. ‘பத்து’ (ஷி) அப்படியே கூட்டல் குறிதான். அதன் கீழே இரண்டு பக்கமும் சரிவுகளைச் சேர்த்தால் ‘மரம்’ (மூ): கிடை, நெட்டு, இடச்சரிவு, வலச்சரிவு. இரண்டு சரிவு வந்தால் இடச்சரிவுதான் முந்தி. ‘மனிதன்’ (ரென்) இந்த இரண்டு சரிவு மட்டுமே. வலச்சரிவு, முதல் சரிவின் உச்சியிலிருந்து புறப்படாமல் சற்றுக் கீழே, அதன் உடம்பிலிருந்து புறப்பட வேண்டும். வலச்சரிவு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் அது ‘நுழை’ என்ற வேறு எழுத்தாகிவிடும்.

சுற்றுச்சுவர் உள்ள எழுத்துகளில் வெளிப்பக்கம் முதலில், உள்ளே இருப்பது பிறகு, மூடும் கோடு கடைசி. ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்றே சீனப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார்கள். ‘நாடு’ (குவோ) எட்டுக் கோடு. இடப்பக்கச் சுவர், 7 போன்ற மடிப்பு, பிறகு உள்ளே இரண்டு கிடை, ஒரு நெட்டு, அடியில் ஒரு கிடை, வலப்பக்கம் ஒரு புள்ளி, எல்லாம் முடிந்ததும் அடிக்கோட்டால் கதவைச் சாத்த வேண்டும். மூன்று பக்கம் சூழ்ந்து வலப்பக்கம் திறந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். கூரைக்கோடு முதலில், உள்ளே இருப்பது அடுத்தது, கடைசியில் ‘ட’ வடிவ மடிப்பு. ‘வட்டாரம்’ எனப் பொருள்படும் ச்யூ அப்படி எழுதுவது.

நடுவில் ஒன்றும் இரண்டு பக்கமும் ஒத்தாற்போல இரண்டும் இருந்தால் நடுவில் இருப்பது முதலில். ‘சிறிய’ (சியாவ்): கொக்கியோடு நெட்டுக்கோடு, இடம், வலம். ‘நீர்’ எழுத்தும் நடுவிலேயே தொடங்கும். ‘தீ’ மட்டும் இதற்கு எதிர். இரண்டு பக்கப் பொறிகளையும் போட்டுவிட்டுத்தான் நடுவில் மனிதன்போல இருப்பதை எழுத வேண்டும். நீரும் தீயும் எதிரெதிர் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

பலரும் தடுமாறும் இடம் நெட்டுக்கோடு நடுவே புகுந்து போகும் எழுத்துகள். ‘அரசன்’ (வாங்) என்பதிலும் ‘செழிப்பு’ (ஃபெங்) என்பதிலும் மூன்று கிடை, ஒரு நெட்டு. ஆனால் வரிசை வேறு. அரசனில் நெட்டுக்கோடு அடிக்கோட்டின்மேல் வந்து நின்றுவிடுகிறது. அதனால் இரண்டு கிடை, நெட்டு, கடைசியில் அடிக்கோடு. செழிப்பில் நெட்டுக்கோடு மூன்றையும் துளைத்துக் கீழே போகிறது. அதனால் மூன்று கிடையும் முடிந்த பிறகே நெட்டு. ‘நடு’ (ஜோங்) என்ற எழுத்தும் அதேபோல: பட்டையான சதுரத்தை மூடி முடித்துவிட்டு, மேலிருந்து கீழாக நடுவில் ஒரே இழுப்பு. நெட்டுக்கோடு அடியில் நிற்கிறதா, துளைத்துப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

புள்ளிக்கு ஒரு விதி உண்டு. உச்சியிலோ இடப்பக்க மேல்மூலையிலோ இருந்தால் அதுதான் தொடக்கம். ‘கதவு’ (மென்) புள்ளியில்தான் தொடங்கும். வலப்பக்க மேல்மூலையில் இருந்தால் அதுதான் கடைசி.

‘இது’ (ஜெ), ‘கடந்துபோ’ (குவோ) போன்ற எழுத்துகளில் இடப்பக்கமும் அடியும் சேர்ந்து படகுபோல நீண்டு ஒரு பாகம் இருக்கும். அது இடப்பக்கத்தில் தொடங்கினாலும் கடைசியில்தான் எழுதப்படும். மேலே இருப்பதை எழுதி முடித்தால்தானே அடியில் எவ்வளவு நீளம் தேவை என்று தெரியும்! ஆனால் ‘எழுந்திரு’ (ச்சி) என்பதில் இடப்பக்கம் ‘நட’ என்ற முழு எழுத்தே நிற்கிறது. அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

விதிக்குள் அடங்காமல் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியவையும் சில உண்டு. ‘வலிமை’ (லி) மடிப்பில் தொடங்கி இடச்சரிவில் முடியும். ‘ஒன்பது’ இடச்சரிவில் தொடங்கி மடிப்பில் முடியும். ‘பெண்’ என்ற எழுத்தில் குறுக்கே போகும் கிடைக்கோடு மூன்றாவதாக, கடைசியில் வரும்.

இடப்பக்கத்துக்கு மாறும் எழுத்துகள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தனியாக நிற்கும் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் இடப்பக்கப் பாகமாகப் போகும்போது ஒடுங்கிக்கொள்கிறது. ‘மரம்’ இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ‘காடு’ (லின்). இடப்பக்க மரத்தின் வலச்சரிவு நீண்டு போனால் வலப்பக்க மரத்தை இடிக்கும். அதனால் அது ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். ‘மண்’ இடப்பக்கம் வந்தால் அதன் அடிக்கோடு கிடையாக இல்லாமல் மேலேறும் ஏறுகோடாகும். கோடு முடியும் இடத்திலிருந்து அடுத்த பாகம் தொடங்கும் இடத்துக்குப் பென்சில் நேராகப் போய்ச் சேர்கிறது.

‘மாடு’ (நியூ) என்ற எழுத்தில் இதற்காக வரிசையே மாறுகிறது. தனியாக எழுதும்போது இடச்சரிவு, கிடை, கிடை, பிறகு எல்லாவற்றையும் துளைக்கும் நெட்டு. அதே மாடு ‘பொருள்’ (வூ) என்ற எழுத்தின் இடப்பக்கத்தில் நிற்கும்போது இடச்சரிவு, கிடை, நெட்டு, கடைசியில் ஏறுகோடு. துளைக்கும் நெட்டு கடைசி என்ற விதியை இங்கே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் கை அடுத்து வலப்பக்கம் போக வேண்டும். இதைக் கவனித்த பிறகு விதிகளெல்லாம் யாரோ உட்கார்ந்து போட்ட சட்டமாகத் தெரியாது. எழுதுகிற கை எப்படிப் போக விரும்புகிறதோ அதைத்தான் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

‘நான்’ என்ற எழுத்தை ஒரு முறை முழுசாக

வோ. ஏழு கோடு. முதல் வாரத்திலேயே தேவைப்படும் எழுத்து, ஆனால் முதல் வாரத்து எழுத்துகளிலேயே கடினமானது.

கட்டத்தின் மேல், இடப்பக்கத்தில் சிறிய இடச்சரிவு, படுத்தாற்போல. அதன் கீழே ஒரு நீண்ட கிடைக்கோடு, கட்டத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை. மூன்றாவது, அந்தச் சரிவைத் தொட்டுத் தொடங்கிக் கிடைக்கோட்டைத் துளைத்து இறங்கி, அடியில் இடப்பக்கம் கொக்கி போடும் நெட்டுக்கோடு. நான்காவது, இடப்பக்கம் கீழே தொடங்கி அந்த நெட்டை வெட்டி மேலேறும் ஏறுகோடு. இத்தோடு இடப்பாதி முடிந்தது. ஐந்தாவதுதான் எழுத்தின் முதுகெலும்பு: நடுவுக்கு வலப்பக்கம் மேலே தொடங்கி, கிடைக்கோட்டை வெட்டி, வில்போல் மெல்ல வளைந்து வலப்பக்கம் கீழே இறங்கி, முடிவில் மேல்நோக்கி ஒரு கொக்கி. ஆறாவது, அதைக் குறுக்கே வெட்டும் இடச்சரிவு. ஏழாவது, வலப்பக்க மேல்மூலையில் புள்ளி.

இரண்டாவது கோட்டைக் கவனியுங்கள். அது இரண்டு பாதிக்கும் பொது. வரிசை தெரியாதவர்கள் இடப்பாதிக்கு ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று என்று இரண்டு துண்டுக் கோடு போட்டுவிடுவார்கள். எழுத்து நடுவில் பிளந்து நிற்கும். வரிசைப்படி எழுதினால் அந்தத் தவறு வரவே வராது.

பழகும் முறை

ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவதால் பெரிய பயன் இல்லை. பத்தாவது முறைக்கு மேல் மனம் வேறெங்கோ போய்விடும், கை மட்டும் முந்தைய கட்டத்தைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருக்கும். எழுத்தை முதலில் பாருங்கள், என்னென்ன பாகங்கள் என்று பிரியுங்கள். அப்புறம் விரலால் காற்றில் எழுதுங்கள், ஒவ்வொரு கோட்டின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. சீனப் பள்ளிகளில் வகுப்பே சேர்ந்து கையைத் தூக்கி இப்படித்தான் எழுதும். பிறகு பார்த்துக்கொண்டு மூன்று முறை எழுதுங்கள். அதன்பின் கையால் மூடிவிட்டுப் பார்க்காமல் ஒரு முறை. பார்க்காமல் எழுதும் அந்த ஒரு முறைதான் உண்மையான பயிற்சி. அடுத்த நாள் காலையில் மறுபடி பார்க்காமல் எழுதுங்கள். வரவில்லையா, பரவாயில்லை, திரும்பப் பாருங்கள். நாளுக்கு ஐந்து எழுத்து போதும்.

மை ஒழுகாத பென்சிலே முதலில் நல்லது. சரிவுகளில் அழுத்தம் கூடுவதும் குறைவதும் பென்சிலில் தெரியும், பால்பாயின்ட்டில் தெரியாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் வரிசை மாறாது, கிடைக்கோடு இடமிருந்து வலம்தான். நோட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டால் கை மறைக்காது.

திருத்த ஆள் இல்லையே என்றால் கைப்பேசியே போதும். பிளெக்கோ போன்ற அகராதிச் செயலிகளில் கோடு கோடாக எழுதிக் காட்டும் வசதி உண்டு. அதைவிடக் கறாரான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஐஃபோனில் சீன விசைப்பலகைகளைச் சேர்க்கும்போது கோடுகளால் உள்ளிடும் ஒன்றும் இருக்கும். ஆண்ட்ராய்டிலும் இப்படிப்பட்டவை கிடைக்கும். அதில் முக்கிய விசைகள் ஐந்தே: கிடை, நெட்டு, இடச்சரிவு, புள்ளி, மடிப்பு. வலச்சரிவு புள்ளியோடு சேரும், ஏறுகோடு கிடையோடு சேரும். நெட்டு, மடிப்பு, கிடை என்று தட்டினால் ‘வாய்’ வரும். வரிசையை மாற்றித் தட்டினால் வேறெதாவது வரும். எழுதி முடித்த எழுத்தை உடனே இதில் தட்டிப் பாருங்கள்.

கோடுகளை எண்ணத் தெரிவதும் இதோடு வந்துவிடும். அச்சு அகராதியில் தேட அது வேண்டும். பெயர்ப் பட்டியல்களையும் சீனர்கள் குடும்பப் பெயரின் கோட்டு எண்ணிக்கைப்படி அடுக்குவதுண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் வந்த வரிசைகூட அப்படித்தான். மரபுப்படி கிரேக்கம் முதலில் வந்ததும், அடுத்து கினி வந்தது, அதன் சீனப் பெயரின் முதல் எழுத்துக்கு இரண்டே கோடு. ஆஸ்திரேலியாவின் முதல் எழுத்துக்குப் பதினைந்து கோடு, அதனால் ஏறக்குறைய கடைசியில் வந்தது.

எந்த நாட்டு வரிசை?

இணையத்தில் தேடும்போது ஒரே எழுத்துக்கு இரண்டு வரிசை கண்ணில் படும். இரண்டும் சரியாகவே இருக்கலாம். சீனா 1997இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை வரையறுத்தது. 8,105 எழுத்துகளுக்கான புதிய வரையறை 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தைவானுக்கு அதன் கல்வி அமைச்சு 1996இல் வெளியிட்ட தனிக் கையேடு உண்டு. ஜப்பானுக்கு 1958இன் வழிகாட்டி. மேலே சொன்ன ‘அரசன்’ ஜப்பானில் கிடை, நெட்டு, கிடை, கிடை என்று எழுதப்படும். ‘வலது’ என்ற எழுத்து சீனாவில் கிடைக்கோட்டில் தொடங்கும், ஜப்பானில் இடச்சரிவில் தொடங்கும்.

நீங்கள் எதைக் கற்கிறீர்களோ அந்த நாட்டு வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகளில் சொல்லித்தருவது, சீனாவில் உள்ளதுபோலக் கோடுகளைக் குறைத்து எளிமையாக்கப்பட்ட எழுத்து. அங்கே சீனப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் உதவும் பெற்றோர், ஜப்பானிய எழுத்துக்கான காணொளியைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும். கஞ்ஜி என்று தலைப்பில் இருந்தால் அது ஜப்பானியம்.

இருநூறு எழுத்து கைக்கு வந்த பிறகு, சீனர்கள் வேகமாக எழுதியதைப் படித்துப் பாருங்கள், ஒரு கடையின் கையெழுத்து விலைப்பட்டியலோ நண்பரின் குறிப்போ எதுவானாலும். வேகத்தில் அவர்கள் பென்சிலைத் தூக்குவதில்லை. ஒரு கோட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் மெல்லிய இழையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வரிசை தெரிந்தவர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டே எழுத்தைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் ‘வாய்’ எங்கெங்கே வருகிறது என்று தேடுங்கள், வேகத்தில் அதன் மடிப்பும் அடிக்கோடும் ஒன்றாகச் சேர்ந்து எண் 2 மாதிரி இருக்கும்.